மச்சுக்கு எந்தப் பூச்சு?

கேரளத்துப் பழைய வீடுகளின் பூமுகங்களைப் புதுப்பிக்கிறவர்கள் கண்ணாடிப் பளபளப்பைத் தேடிப் போகிறார்கள். தலைக்கு மேலிருக்கும் மரத்துக்கு வேண்டியதோ வேறு.

முதலில் விழுந்தது ஒரு சிறு செதில். காலைக் காப்பியும் கையில் பத்திரிகையுமாகப் பூமுகத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், பல்லியின் வேலை என்று அதைத் தட்டிவிட்டார். மறுநாள் இரண்டு செதில்கள் விழுந்தன. ஒரு வாரம் கழித்து அவர் அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2 ஆண்டுகளுக்கு முன் மகள் கல்யாணத்துக்காகக் கண்ணாடி போல் பாலிஷ் போட்ட மரக்கூரை, வெயிலில் உரிந்த தோல் மாதிரி ஆங்காங்கே வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

திருச்சூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த வீடு. அவரும் அவர் மனைவியும் மட்டும் வசிக்கிறார்கள். ஆளனுப்பி அழைத்த மூன்று காண்டிராக்டர்களும் மூன்று யோசனை சொன்னார்கள். முதலாமவர், உரிந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு அதன் மேலேயே இன்னொரு கோட்டிங் போதும் என்றார். இரண்டாமவர், முழுவதையும் சுரண்டிவிட்டு விலை உயர்ந்த பாலியூரித்தேன் அடிக்கச் சொன்னார். மூன்றாமவர், இந்தத் தொல்லையே வேண்டாம், பலகைகளைக் கழற்றி விற்றுவிட்டு மரம் போலவே தோன்றும் பிளாஸ்டிக் தகடு அடித்துவிடலாம் என்றார். பலகைகளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

கேரளத்தில் பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் எவருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. வீட்டுச் சுவருக்குத் தவறான வண்ணம் அடித்துவிட்டால் அடுத்த ஓணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மரக்கூரைக்குத் தவறான பூச்சை அடித்துவிட்டால், அதை எடுக்கும்போது மரத்தையும் கொஞ்சம் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்றே கால் அடி அகலத்தில் வைரம் பாய்ந்த பலகை இனி எளிதில் கிடைக்கப்போவதில்லை என்பதால், அப்படிப் போவது திரும்பி வராது.

வீட்டின் முகம்

பூமுகம் என்பது வீட்டின் முன்னால் தூண்களோடு திறந்து நிற்கும் முகப்பு. நம் ஊர்த் திண்ணையும் வரவேற்பறையும் சேர்ந்தது போன்ற இடம். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் உட்காருவதும், வீட்டுப் பெரியவர் பகல் முழுவதையும் கழிப்பதும் அங்கேதான். அதன் ஓட்டுக் கூரைக்குக் கீழே உத்திரங்களின் மேல் பலகை அடித்து அமைத்த உள்கூரைதான் மச்சு. மச்சுவீடு என்ற சொல் தமிழிலும் உண்டு. பொருளும் ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்கக் கேரளத்துக்குக்கூடப் போக வேண்டாம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகக் கூரையில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பூவைப் போல் இன்னொன்று இல்லை. திருவிதாங்கூர் அரசர்களின் இந்த அரண்மனை 1956இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்துவிட்டாலும், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான்.

சாதாரண வீடுகளின் மச்சில் இவ்வளவு வேலைப்பாடு இருக்காது. நடுவில் ஒரு தாமரை, விளிம்பில் ஒரு கொடி, அவ்வளவுதான். ஆனால் மச்சு அலங்காரத்துக்கு மட்டும் அடிக்கப்பட்டதல்ல. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் காலி இடம் வெயிலின் சூட்டைத் தடுக்கிறது. கூரையின் முக்கோண முகப்பில் வைத்த மரச் சல்லடை வழியாகச் சூடான காற்று வெளியேறிவிடுகிறது. அதே காற்றோட்டம்தான் பலகையின் மேல்பக்கத்தையும் உலர வைக்கிறது. பழைய தச்சர்கள் மரத்தைக் காப்பாற்ற முதலில் நம்பியது பூச்சை அல்ல, காற்றை.

எதிரி வரும் வழி

வெளியே வைக்கும் மரத்துக்கு இரண்டு எதிரிகள் என்பது எல்லோருக்கும் தெரியும்: வெயில், மழை. பெயின்ட் கடைக்காரரும் அதை மனதில் வைத்துத்தான் டப்பாவை எடுத்து நீட்டுகிறார். ஆனால் பூமுகத்து மச்சு இரண்டுக்கும் அப்பால் இருக்கிறது. கூரையின் ஓரத்தில் ஓரிரு அடி தவிர, நேரடி வெயிலோ சாரலோ அதைத் தொடுவதில்லை. அதைத் தொடுவது காற்றில் இருக்கும் ஈரம்.

ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை நாட்களில் கேரளத்துக் காற்றின் ஈரப்பதம் 85, 90 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும். அந்தக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் 18 முதல் 20 விழுக்காடு வரை நீரை உறிஞ்சிக்கொண்டு பருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்று வீசும்போது அதே மரம் நீரைத் துப்பிவிட்டுச் சுருங்குகிறது. ஓரடி அகலமுள்ள தேக்குப் பலகை இந்த இரண்டு பருவங்களுக்கு இடையில் 3, 4 மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கும். ஆண்டுதோறும் இது நடக்கும். வெட்டி நூறாண்டு ஆன மரமும் இந்த விஷயத்தில் உயிருள்ளது போலத்தான் நடந்துகொள்கிறது.

இப்படி மூச்சுவிடும் பலகையின் மேல் கண்ணாடி போன்ற கெட்டியான படலத்தை ஒட்டினால் என்ன ஆகும்? மரம் அசையும், படலம் அசையாது. பலகைகள் சேரும் இடத்தில் முதலில் மயிரிழை போல விரிசல் விடும். அதன் வழியாக ஈரம் உள்ளே போகும், ஆனால் அதே வேகத்தில் வெளியே வர முடியாது. படலத்துக்கு அடியில் அது வெள்ளைப் புள்ளியாகத் தேங்கும். பிறகு உரியும்.

இதைவிட மோசமானது மேலேயிருந்து வரும் எதிரி. மங்களூரில் பேசல் மிஷன் 1865இல் தொடங்கிய தொழிற்சாலையின் வழியாகப் பரவிய சுட்ட களிமண் ஓடுதான் இன்றும் இந்த வீடுகளின் கூரை. ஒரு தேங்காய் விழுந்தால், ஒரு குரங்கு ஓடினால், ஓர் ஓடு நகர்ந்துவிடும். சொட்டும் நீர் மச்சின் மேல்பக்கத்தில் இறங்கும். பூச்சு இல்லாத பலகையில், அல்லது எண்ணெய் மட்டும் தடவிய பலகையில், மறுநாளே கீழே கறை தெரியும். ஆள் கூப்பிட்டு ஓட்டை மாற்றிவிடலாம். கீழ்ப்பக்கம் படலம் போட்டு அடைத்த பலகையில் நீர் அங்கேயே தங்கிவிடும். மரத்துக்குள் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சை மரத்தைத் தின்னத் தொடங்கும். கீழே உட்கார்ந்திருப்பவருக்குப் பளபளப்புதான் தெரியும்.

கடையில் கிடைப்பவை

மச்சுக்கு அடிக்கக்கூடிய பூச்சுகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு குறை.

அரக்கு பாலிஷ்: பிரெஞ்சு பாலிஷ் என்ற பெயரில் வழங்கினாலும் இதன் மூலப்பொருள் நம் நாட்டுடையது. பலாசம், இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ் தயார். ஜார்க்கண்ட் அரக்கு உற்பத்தியில் முன்னணியில் நிற்கிறது; ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924லேயே அரக்கு ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. மர வரிகளை இதைப் போல ஆழமாகக் காட்டும் பூச்சு அரிது. பிடிக்காவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து எடுத்துவிடலாம், மரத்துக்குச் சேதமில்லை. குறை ஒன்றுதான்: ஈரம் பட்டால் வெளுத்துவிடும். வறண்ட ஊர்களுக்கும் வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கும் சரி. மழைக்காலம் முழுவதும் சாரல் காற்று உலாவும் பூமுகத்துக்கு இது மட்டும் போதாது. கலந்து பல மாதம் வைத்த பாலிஷ் சரியாகக் காயாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆளி விதை எண்ணெய்: படலம் கட்டாமல் மரத்துக்குள் இறங்குவது இதன் சிறப்பு. உரிவதற்கு எதுவும் இல்லை என்பதால் உரியாது. மங்கினால் கழுவித் துடைத்துவிட்டு இன்னொரு கை தடவினால் போதும். ஆனால் பச்சை எண்ணெய் காய நாள் கணக்கில் ஆகும். உலர்த்திப் பொருள்கள் சேர்த்து, 'காய்ச்சிய எண்ணெய்' என்று விற்பதுதான் சீக்கிரம் காயும். வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்த எண்ணெய் ஆண்டுக்காண்டு கறுத்துக்கொண்டு போகும். மச்சு எப்போதும் நிழலில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் இந்த எண்ணெயைப் பூஞ்சையும் விரும்பிச் சாப்பிடும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத எண்ணெயைக் கேரளத்தில் தடவினால் ஆகஸ்டில் கரும்புள்ளிகளை எதிர்பார்க்கலாம். கடையில் விற்கும் 'தேக்கு எண்ணெய்' தேக்கிலிருந்து எடுத்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே போன்ற எண்ணெயில் கொஞ்சம் வார்னிஷும் தின்னரும் கலந்ததுதான் அது.

முந்திரி ஓட்டு எண்ணெய்: கொல்லத்து முந்திரி ஆலைகளின் துணைப்பொருள். கறையானும் வண்டும் கிட்டே வராது என்பதால், கைமரங்களுக்கு இதைத் தடவுவது கேரளத்தில் பழைய வழக்கம். கெட்டுவள்ளங்களின் கறுப்புக்கும் முந்திரிதான் காரணம். காவல் என்று பார்த்தால் இதற்கு நிகரில்லை. ஆனால் மரம் கரிய நிறமாகிவிடும், வரிகள் மறைந்துவிடும், தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். மச்சின் மேல்பக்கத்துக்கும் ஓட்டைத் தாங்கும் கைமரங்களுக்கும் இது பொருத்தம். கண்ணில் படும் கீழ்ப்பக்கத்துக்கு அல்ல.

மெலமைன்: கல்யாண வீடுகளின் விருப்பம். ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தால் சில நாட்களில் வேலை முடிந்துவிடும்; பளபளப்பு கண்ணைப் பறிக்கும். ஆனால் இது அறைக்குள் இருக்கும் மேசை நாற்காலிகளுக்கு உண்டாக்கிய பூச்சு. கெட்டியானது, வளைந்துகொடுக்காதது. திறந்த பூமுகத்தில் விரிந்து சுருங்கும் அகலப் பலகைக்கு ஏற்றதல்ல. திருச்சூர் வீட்டில் உரிந்ததும் இதுதான்.

பாலியூரித்தேன்: இதில் வீட்டுக்குள் அடிப்பது வேறு, வெளியில் அடிப்பது வேறு. வெளிப்புற ரகம் ஓரளவு வளைந்துகொடுக்கும், வெயிலையும் தாங்கும். எல்லாப் பக்கமும் காய்ந்த, ஒழுகல் இல்லாத புதிய மரத்தில் நன்றாகவே நிற்கும். ஆனால் தேக்கில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ப்பசை இது பிடிப்பதையும் காய்வதையும் கெடுக்கும். அடிப்பதற்குச் சற்றுமுன் தின்னர் தொட்ட துணியால் மரத்தைத் துடைப்பது அவசியம். இதை எடுக்க வேண்டிய நாள் வந்தால் ஸ்பிரிட்டும் தின்னரும் பலிக்காது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். 90 பூக்கள் இல்லாவிட்டாலும் ஒரு தாமரை செதுக்கிய கூரையில் அது எப்படி முடியும்?

ஊறும் ஸ்டெயின்: எண்ணெயோ நீரோ அடிப்படையாக, கொஞ்சம் நிறமியும் பூஞ்சைத் தடுப்பும் சேர்ந்தது. மரத்துக்குள் ஊறிவிடும், மேலே படலம் நிற்காது. பளபளப்புத் தராது என்பதாலேயே பலர் இதை ஒதுக்குகிறார்கள். ஆனால் இது உரியாது; மெல்ல மங்கும். மங்கிய இடத்தைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவிட்டு மேலேயே இன்னொரு கை அடிக்கலாம், எதையும் சுரண்ட வேண்டாம். வெயில் படும் ஓரத்துக்கு நிறமி சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. மரத்தை வெளுத்துச் சாம்பல் நிறமாக்கும் புற ஊதாக் கதிரை மறைப்பது நிறமிதான். உள்பகுதிக்கு மிக லேசான நிறம் போதும்.

ஆக, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தப் பூச்சு அதிக நாள் நிற்கும் என்று மட்டும் கேட்டால் விலை உயர்ந்த படலங்களே ஜெயிக்கும். அது தோற்கும் நாளில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டால் விடை வேறாகிறது.

அண்ணாந்து பார்க்கும் நிறம்

நிறத்தைத் தேர்வு செய்வதில் எல்லோரும் செய்யும் தவறு, கடையின் மேசையில் வைத்த அட்டையைக் குனிந்து பார்த்து முடிவெடுப்பது. மச்சை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வெளிச்சம் அதன் மேல் நேராக விழுவதும் இல்லை. முற்றத்து மணலிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் மேலே போகிறது. அட்டையில் தேன் நிறமாகத் தெரிவது கூரையில் காப்பி நிறமாகிவிடும். காப்பி நிறம் கறுப்பாகிவிடும். கேரளத்துப் பூமுகங்கள் பெரும்பாலும் தாழ்ந்தவை. கறுத்த கூரை இன்னும் ஒரு சாண் தாழ்ந்தது போலிருக்கும்.

எளிய வழி ஒன்று உண்டு. அதே மரத்தில் இரண்டடிப் பலகை ஒன்றை எடுத்து, பாதிக்குப் பூச்சு அடித்துக் காயவைத்து, கூரையில் ஓரிடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையில், உச்சி வேளையில், விளக்குப் போட்ட பிறகு என்று மூன்று முறை சாய்வு நாற்காலியிலிருந்தே பாருங்கள். நிறமே வேண்டாம், மரத்தின் நிறம் போதும் என்கிறவர்கள் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துப் பார்க்கலாம். நனைந்த மரம் காட்டும் நிறம்தான் நிறமற்ற பூச்சு அடித்த பிறகு ஏறக்குறைய தெரியும் நிறம்.

பழைய பலகைகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அவசரப்பட்டு நிறம் சேர்க்கக் கூடாது. பலா மரம் அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும், ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறும். புதிதாக இழைத்த தேக்கில் பச்சையும் பழுப்புமாகக் கோடுகள் தெரியலாம். சில வாரங்கள் வெளிச்சம் பட்டால் அவை தாமாகவே ஒன்றாகிவிடும். இன்று அச்சாகப் பொருந்துமாறு நிறம் அடித்தால் 5 ஆண்டு கழித்து அந்தப் பலகை மட்டும் கறுத்து நிற்கும். ஒரு மாற்று வெளிறலாக விடுவதே விவேகம்.

பளபளப்பும் நிறத்தோடு சேர்ந்த விஷயம்தான். மின்னும் கூரையில் குழல் விளக்கின் பிம்பம் நீளமாகத் தெரியும். பலகையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் எழுதிக் காட்டும். மங்கலான பூச்சில் மரத்தின் வரிதான் முதலில் கண்ணில் படும்.

சாரம் கட்டுமுன்

பூச்சின் ஆயுள் டப்பாவில் இல்லை, அதற்கு முன் நடக்கும் வேலையில் இருக்கிறது. முதல் வேலை கூரைக்கு மேலே: உடைந்த, நகர்ந்த ஓடுகளை மாற்றி, ஒரு நல்ல மழையைப் பார்த்துவிட வேண்டும். பிறகு முகப்புச் சல்லடை அடைபட்டிருந்தால் திறந்துவிட வேண்டும். புறாத் தொல்லைக்காகப் பலகை வைத்து அடைத்துவிட்ட வீடுகள் நிறைய. கம்பி வலை அடித்தால் புறா வராது, காற்று வரும்.

பருவம் அடுத்தது. மலையாளிகளின் கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடி மழையில், எந்தப் பூச்சும் சரியாகக் காயாது. நமது தை, மாசி மாதங்களே உகந்த காலம். மரத்தின் ஈரம் அப்போதுதான் மிகவும் குறைந்திருக்கும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது உயிருக்கே உலை வைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. பல பழைய வீடுகளின் மச்சுக்கு எப்போதோ பச்சையோ சாம்பலோ எண்ணெய்ப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 10 லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்திய மத்திய அரசின் விதிகள் 2016இல்தான் வந்தன. 2017 நவம்பரில் அமலாயின. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்றே கருத வேண்டும். தலைக்கு மேல் உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூள் முழுவதும் தேய்ப்பவரின் மூக்கிலும், வீட்டிலிருக்கும் குழந்தையின் கையிலும் போய்ச் சேரும். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், கீழே பிளாஸ்டிக் விரிக்க வேண்டும், முகமூடி கட்டாயம். சாரத்தின் மேல் நிற்பவர் பெரும்பாலும் வட மாநிலத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளி. முகமூடியை அவர் கேட்க மாட்டார். வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

சுத்தமான மரத்துக்குப் பூச்சி மருந்து. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல், உளுக்க வைக்கும் வண்டுக்கும் பூஞ்சைக்கும் நல்ல தடுப்பு. மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும் என்பது இதன் குறை. கூரைக்குக் கீழே இருக்கும் மச்சுக்கு அந்தக் கவலை இல்லை. வெளிறு கலந்த பலகைகளுக்கு இது மிகவும் அவசியம். தேக்கானாலும் வைரத்துக்கு இருக்கும் எதிர்ப்பு வெளிறுக்குக் கிடையாது.

புதிதாக மச்சு அடிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பலகைகளைத் தரையில் வைத்து, முன், பின், ஓரம் என எல்லாப் பக்கமும் பூச்சு அடித்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். கீழ்ப்பக்கம் மட்டும் அடித்தால் மேல்பக்கம் ஈரத்தை உறிஞ்சி, பலகை கிண்ணம் போல் வளையும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் பலகைகளை மேலே ஏற்றிய பிறகு நிறம் அடித்தால், ஜனவரியில் அவை சுருங்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் நிறம் படாத வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

காஷ்மீரத்துத் தச்சர்களின் கதம்பந்து கூரைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். சிறு சிறு மரத்துண்டுகளைப் பள்ளம் வெட்டிய சட்டங்களுக்குள் ஆணியே இல்லாமல் செருகுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் தன் சட்டத்துக்குள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கிறது. தட்பவெப்பம் வேறு, மரம் வேறு. ஆனால் மரத்தை அசையவிட வேண்டும் என்பதை அங்கேயும் இங்கேயும் அறிந்தே செய்திருக்கிறார்கள்.

மீண்டும் அந்தப் பூமுகம்

திருச்சூர் ஆசிரியர் மூன்று காண்டிராக்டர்களையும் திருப்பி அனுப்பினார். அந்த வட்டாரத்தில் கோயில் வேலை செய்யும் வயதான ஆசாரி ஒருவரை அழைத்தார். அவர் வந்ததும் மச்சைப் பார்க்கவில்லை. ஏணி வைத்து ஓட்டின் மேல் ஏறினார். இரண்டு ஓடுகள் நகர்ந்திருந்தன. கீழே வந்து, பளபளப்பு உரியாமல் மிக நன்றாக இருந்த ஓரிடத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

2 ஆண்டுகளாக அந்தப் பலகை மேலிருந்து நனைந்து, கீழே மின்னிக்கொண்டே உளுத்திருக்கிறது. உரிந்து விழுந்த செதில்களை எண்ணி வருத்தப்பட்டவர்கள், உரியாத இடத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தார்கள். இன்னொரு கோட்டிங் போதும் என்ற யோசனையைக் கேட்டிருந்தால் அடுத்த மழைக்குப் பலகையே விழுந்திருக்கும். அதற்கு நேர் கீழேதான் சாய்வு நாற்காலி.

ஒரு பலகை முழுவதுமாகப் போயிற்று. இன்னொன்றில் பாதி வெட்டப்பட்டது. மற்றவை தேறின. தட்டையான பலகைகளை நனைத்து உப்புத்தாளால் தேய்த்தார்கள். நடுத் தாமரையின் இதழ்களுக்குள் தாள் நுழையவில்லை. பாலிஷை இளக்கும் மருந்து தடவி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒரு வாரம் சுத்தம் செய்தார்கள். பல இதழ்களின் கூர்மை மழுங்கிவிட்டது. அது திரும்பாது. கல்யாணத்துக்குப் பாலிஷ் போட்டதைவிட அதை எடுக்க ஆன கூலி அதிகம்.

போராக்ஸ் கரைசல் அடித்துக் காய்ந்த பிறகு, பூஞ்சைத் தடுப்புச் சேர்ந்த லேசான தேன் நிற ஸ்டெயின் இரண்டு கை. ஓரத்தில் இரண்டடிக்கு மட்டும் சற்று அழுத்தமான நிறம். பலகையின் மேல்பக்கத்துக்கும் அதே ஸ்டெயின். கைமரங்களுக்கு முந்திரி ஓட்டு எண்ணெய். பழைய பலகைகளுக்கு நடுவே புதிய பலாப் பலகை மஞ்சளாகத் தனித்துத் தெரிகிறது. அதற்கு நிறம் அடித்து மறைக்க வேண்டாம் என்று ஆசாரி சொல்லிவிட்டார்.

ஓணத்துக்கு வந்த மகளுக்குக் கூரையில் பளபளப்பு இல்லாதது ஏமாற்றம்தான். ஆசிரியரோ அந்த மழைக்காலத்தில் தினமும் காலையில் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். ஜூலையில் ஒரு நாள், ஓரத்துப் பலகையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஆசாரிக்குப் போன் செய்தார். மாலைக்குள் ஓடு மாற்றியாயிற்று. இரண்டு வாரத்தில் கறை உலர்ந்து மறைந்தது.

பூச்சு இந்த முறை தன் வேலையைச் செய்தது. நோயை மறைக்கவில்லை.

தேர்வு செய்யுமுன்

• கூரை ஒழுகுகிறதா என்று ஒரு மழையில் சோதித்துவிட்டுப் பூச்சைப் பற்றி யோசியுங்கள்.

• செதுக்கு வேலை உள்ள மரத்துக்கு, சுரண்டி எடுக்க வேண்டிய படலங்களைத் தவிருங்கள்.

• மாதிரிப் பலகையைக் கூரையில் கட்டி, உட்காரும் இடத்திலிருந்து மூன்று வேளை பாருங்கள்.

• டப்பாவில் 'வெளிப்புறத்துக்கு' என்று இருக்கிறதா, பூஞ்சைத் தடுப்பு உண்டா என்று படியுங்கள்.

• தை, மாசியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

• ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

• பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். தேய்ப்பவருக்கு முகமூடி கொடுங்கள்.

• ஆண்டுக்கொரு முறை, மழை தொடங்கிய முதல் மாதத்தில், அண்ணாந்து பாருங்கள்.